ஊடக வேலை: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கேள்விகள்

பத்திரிகை, தொலைக்காட்சி, வானொலி வேலைக்கு வர நினைக்கும் மாணவர்களின் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் தருகிறோம். இம்முறை பெரும்பாலும் தொண்டி முதல் சாயல்குடி வரை கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

பிளஸ் டூ முடித்துவிட்டேன். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். கேமராமேன் ஆக வேண்டும் என்று ஆசை. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்தால்தான் வேலை கிடைக்குமா? வீட்டில் வசதி இல்லை. – மாணவர், பாம்பன்

விஸ்காம் படித்தவர்களுக்குத்தான் வேலை என்று எந்தச் சேனலும் விதி வைத்திருக்கவில்லை. ஏதாவது ஒரு பட்டம் கேட்பார்கள், பிறகு நீங்கள் எடுத்த காட்சிகளைக் கேட்பார்கள். அதனால் படிப்பைத் தேர்வு செய்யும்போது பணத்தை முதலில் பாருங்கள்.

கேமராதான் லட்சியம் என்றால் முதலில் விண்ணப்பிக்க வேண்டிய இடம் சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் ஆகியவற்றில் நான்கு ஆண்டு பட்டப்படிப்பு நடக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் தனியார் திரைப்படப் பள்ளிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் கட்டணம் குறைவு. இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வும் உண்டு. சில பிரிவுகளுக்குப் பிளஸ் டூவில் இன்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், அறிவிப்பை முழுக்கப் படித்த பிறகே படிவத்தை நிரப்புங்கள்.

அங்கே கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்க் கல்லூரி. அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் விஸ்காம் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கும், கட்டணம் கூடுதல். சேர்வதற்கு முன் துறைக்கே நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை மாணவர்களுக்கு எத்தனை கேமரா? கேமராவை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோக விடுவீர்களா? எடிட்டிங் கணினி அறை மாலையில் திறந்திருக்குமா? அறுபது பேருக்கு இரண்டு கேமரா, அதையும் பீரோவில் பூட்டி வைப்போம் என்றால், அந்தப் பணத்துக்குத் தமிழோ வரலாறோ பொருளியலோ குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டு மிச்சத்தில் ஒரு மைக்கும் டிரைபாடும் வாங்குவது மேல்.

உதவித்தொகையில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முதல் பட்டதாரிச் சலுகை பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கானது. விஸ்காமுக்கு அது கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சேராதீர்கள். உங்களுக்குப் பொருந்தக்கூடியவை வேறு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மாணவிகளுக்கு அது புதுமைப் பெண். அப்பா மீனவர் நல வாரியத்தில் உறுப்பினர் என்றால் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. வாரிய அட்டை நடப்பில் இருக்கிறதா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் இப்போதே பார்த்துவிடுங்கள். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது; குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு, இந்த மூன்றிலும் பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஒன்றுபோல இருக்கட்டும். ஒரு இடத்தில் முன்னெழுத்து மாறியிருந்தாலும் பணம் மாதக்கணக்கில் நிற்கும்.

மாதப் பத்திரிகை ஒன்றில் 5,000 ரூபாய் கட்டினால் நிருபர் அடையாள அட்டையும், வண்டியில் ஒட்டப் பிரஸ் ஸ்டிக்கரும் தருகிறார்களாம். வாங்கலாமா? – மாணவி, தங்கச்சிமடம்

வேண்டாம். வேலை கொடுப்பவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். அட்டைக்குக் காசு கேட்கும் இடத்தில் செய்தியே இருக்காது, அந்த அட்டையைக் காட்டி விளம்பரம் பிடித்து வா என்பதுதான் அடுத்த கட்டளையாக வரும். மிரட்டல் வழக்கில் போய் மாட்டும் பிள்ளைகள் பலருடைய கதை அப்படித்தான் தொடங்குகிறது.

ஒரு பத்திரிகை பதிவு பெற்றதா என்று பார்க்க வழி இருக்கிறது. 1867ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் பத்திரிகைகள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. பதிவாளரின் இணையதளத்தில் பத்திரிகைப் பெயரைப் போட்டுத் தேடலாம். பெயர் இருந்தால் மட்டும் போதாது, கடந்த மூன்று மாத இதழ்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கிறது. அங்கே விசாரித்தாலும் அந்தப் பத்திரிகை அரசு அங்கீகாரம் பெற்றதா என்று சொல்லிவிடுவார்கள்.

மீனவர்களைப் போனில் பேட்டி எடுத்தால் காற்றுச் சத்தம் மட்டுமே கேட்கிறது. காலர் மைக்கில் பஞ்சு உறை போட்டும் பயனில்லை. எடிட்டிங்கில் சரி செய்ய முடியுமா? – கல்லூரி மாணவர், மண்டபம்

முடியாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மைக்கின் சவ்வையே காற்று நேரடியாகத் தள்ளுகிறது. பதிவாகும்போதே ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் பேச்சே இல்லை, இல்லாததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. பஞ்சு உறை வாயிலிருந்து வரும் ஊதலைத் தடுக்கத்தான். கடற்கரைக் காற்றுக்கு ரோமம் வைத்த உறை வேண்டும், கடையில் டெட்கேட் என்று கேளுங்கள். காலர் மைக்குக்கான சின்ன உறை விலை மலிவுதான். அதைப் பஞ்சு உறைக்கு மேலேயே மாட்டுங்கள்.

அதைவிடப் பெரிய பலன் ஆளை நிறுத்தும் விதத்தில் இருக்கிறது. பேசுபவரின் முதுகு காற்றைப் பார்க்கட்டும். அவருடைய உடம்பே மைக்குக்கு மறைப்பாகும். மைக் வாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், சட்டையின் மடிப்பில் உரசாமல் இருக்கட்டும். இப்படி நிறுத்தினால் உங்கள் லென்ஸ் காற்றைப் பார்க்கும், உப்புத்திவலை படியும். அதைத் துண்டால் துடைக்காதீர்கள். முதலில் ரப்பர் ஊதுகுழலால் மணலை ஊதித் தள்ளுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி. மணல் இருக்கும்போது துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும், அது போகாது.

இடத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் ஏலம் விடும் இடத்திலேயே பேட்டி எடுக்காதீர்கள். ஏலக் குரலைத் தனியாக முப்பது விநாடி பதிவு செய்துகொண்டு, ஆளை வலை வைக்கும் கொட்டகைக்குப் பின்னாலோ, கரையேற்றிய வல்லத்தின் மறைவிலோ கூட்டிப்போய்ப் பேச வையுங்கள். ஐஸ் பிளான்ட் பக்கம் போகவே வேண்டாம், அந்த இரைச்சல் காதுக்குப் பழகிவிடும், மைக்குக்குப் பழகாது. பேட்டி முடிந்ததும் அதே இடத்தில் யாரும் பேசாமல் இன்னொரு முப்பது விநாடி எடுங்கள். இரண்டு பேச்சுத் துண்டுகளை ஒட்டும்போது நடுவில் விழும் பள்ளத்தை நிரப்ப அது வேண்டும்.

போன் அமைப்பு: விமானப் பயன்முறையில் போடுங்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகில். காட்சி 1080, விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30 பிரேமில் எடுத்தால் ஏலக்கூடத்து டியூப் லைட் படபடவென்று துடிக்கும். சேனலுக்கு அனுப்பும்போது 8 எம்பிபிஎஸ்ஸில் ஏற்றுமதி செய்தால் ஒன்றரை நிமிடக் காட்சி 90 எம்பிக்குள் அடங்கும். சிக்னல் மங்கலான இடத்திலிருந்தும் அனுப்பிவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் கருவிகளை இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல நிற மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். ஈரத்தோடு சார்ஜர் செருகாதீர்கள். இந்தக் கரையில் போன்கள் சாவது பெரும்பாலும் அந்தத் துளை துருப்பிடித்துத்தான்.

எங்கள் பேச்சில் ழகரம் வராது என்று கல்லூரியில் கேலி செய்கிறார்கள். செய்தி வாசிப்பாளர் கனவை விட்டுவிட வேண்டுமா? – மாணவி, மூக்கையூர்

விட வேண்டாம். ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு தனி விஷயங்கள் இருக்கின்றன. ல, ள, ழ, ந, ன, ண, ர, ற. இவற்றின் உச்சரிப்பு பயிற்சியால் வருவது. தினமும் தலையங்கத்தின் ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்துப் போனில் பதிவு செய்யுங்கள். பதிவை ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டு, தவறிய சொற்களின் கீழ் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தச் சொற்களை மட்டும் மறுநாள் வாசியுங்கள். முழுப் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் பயன் குறைவு, வாய் பழைய தடத்திலேயே ஓடும். ழகரத்துக்கு நாக்கின் நுனியைப் பின்னால் மடக்கி, மேலண்ணத்தைத் தொடாமல் நிறுத்துங்கள். தொட்டால் ளகரமாகிவிடும்.

உங்கள் ஊர்ப் பேச்சு வேறு விஷயம். அதை அழிக்கவே கூடாது. கொண்டல், வாடை, சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லித் தெரிந்த குரல் வானொலிக்கு வேண்டும். பாம்பனில் 2016 முதல் 90.4 அலைவரிசையில் கடல் ஓசை சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகிறது. சமுதாய வானொலிகள் சக்தி குறைந்த ஒலிபரப்பிகளில் இயங்குகின்றன, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுதான் எட்டும். சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கவும் அவற்றுக்கு அனுமதியில்லை. ஆனாலும் நேயரோடு பேசுவது, பேட்டியை வெட்டி ஒட்டுவது, நிகழ்ச்சியை விநாடிக் கணக்கில் முடிப்பது எல்லாம் கையில் படியும் இடம் அதுதான். ஐந்து நிமிட மாதிரி நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். ஆகாசவாணி நிலையங்கள் தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு அவ்வப்போது தேர்வும் குரல் சோதனையும் வைக்கின்றன. அந்த அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள்.

உள்ளூர்ச் சேனலுக்குப் பகுதி நேரமாகச் செய்தி அனுப்புகிறேன். இலங்கைக் கடற்படையால் மீனவர் கைது நடந்தால் முதலில் அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில் தவறு வந்துவிடுகிறது. எதைச் சரிபார்ப்பது? – ராமேசுவரம்

இந்தக் கரையில் ஒரு நிருபரின் பெயர் நிற்பதும் போவதும் இந்தச் செய்தியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

எந்த நாளில், எந்த இறங்குதளத்திலிருந்து, மீன்வளத்துறை அனுமதிச் சீட்டு வாங்கிப் போன படகு என்பதிலிருந்து தொடங்குங்கள். ராமேசுவரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். வேறு நாளில் கைது என்று தகவல் வந்தால் நாட்டுப்படகா, வேறு ஊர்ப் படகா என்று மறுபடி கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் போகும், அப்போது விசைப்படகு என்று எழுதிவிட்டால் மொத்தச் செய்தியும் பொய்யாகும். படகின் எண்ணைப் படகில் எழுதியிருக்கிறபடி முழுதாக, ஐஎன்டி–டிஎன்–10–எம்எம் என்ற முன்பகுதியோடு எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கடைசி மூன்று எண்களை நம்ப வேண்டாம்.

படகு உரிமையாளர் வேறு, படகில் போனவர்கள் வேறு. கைதானவர்களின் பெயர்ப் பட்டியலில் உரிமையாளரின் பெயர் நுழைந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பட்டியலை மீனவர் சங்கத்திடமும் மீன்வளத்துறையிடமும் தனித்தனியாக வாங்கி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவரும் வரை எண்ணிக்கையை மட்டும் அனுப்புங்கள், பெயர் பிறகு போகட்டும். பெயரை ஒளிபரப்புவதற்கு முன் வீட்டுக்குத் தகவல் போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள். புருஷன் பிடிபட்டதை ஒரு பெண் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஆகக்கூடாது. அழுகிற முகத்துக்கு நேரே மைக்கை நீட்டாதீர்கள், அனுமதி கேட்டு உட்கார்ந்து பேசுங்கள்.

எங்கே கொண்டுபோனார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். தலைமன்னார் பக்கம் பிடிபட்டால் பெரும்பாலும் மன்னார் நீதிமன்றம், நெடுந்தீவுப் பக்கம் என்றால் ஊர்காவற்றுறை நீதிமன்றம். "எல்லை தாண்டினார்கள்" என்று நீங்களே சொல்லாதீர்கள், "எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை கூறுகிறது" என்று எழுதுங்கள். எல்லா கைதையும் கச்சத்தீவோடு முடிச்சுப் போடுவதையும் விடுங்கள். கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட பாக் நீரிணை எல்லை ஒப்பந்தம் 1974ஆம் ஆண்டினது, மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுத்தது 1976ஆம் ஆண்டினது. இரண்டையும் குழப்பி எழுதுவது செய்தியைத் திருத்தும் சென்னை டெஸ்க்குகளில்கூட நடக்கிறது, நீங்கள் திருத்திக் கொடுங்கள். கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவை மடிக்கு இலங்கை 2017இல் தடை கொண்டுவந்தது. மடி இழுப்பதால் வலை அறுந்துபோகும் யாழ்ப்பாண, மன்னார் மீனவர்களும் தமிழர்கள்தான். அவர்கள் தரப்பில் ஒரு வரியாவது இருந்தால் உங்கள் செய்தி முழுமையாகும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நாங்கள் கேட்கிறோம். செய்திக்கு எவ்வளவு, அனுப்பியும் போடாத செய்திக்கு உண்டா, பெட்ரோல் யார் செலவு, எத்தனை நாளில் வரும்? இவற்றை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவையுங்கள். அனுப்பிய தேதி, தலைப்பு, ஒளிபரப்பான நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வந்தால்தான் மாதக் கடைசியில் பேச முடியும்.

பட்டம் முடிக்கப்போகிறேன். வீட்டில் பத்திரிகை வேலையே கூடாது என்கிறார்கள். வெளியே அலைய வேண்டும், இரவு வேலை என்று பயப்படுகிறார்கள். எனக்கு எழுத்து நன்றாக வரும். – மாணவி, கீழக்கரை

வாப்பாவும் உம்மாவும் பயப்படுவது நிருபர் வேலையை நினைத்து. ஊடகத்தில் அலையாத வேலைகள் நிறைய உண்டு என்பதை அவர்களுக்குப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்: உதவி ஆசிரியர், மெய்ப்பு பார்ப்பவர், மொழிபெயர்ப்பாளர், தகவல் சரிபார்ப்பவர், சப்டைட்டில் எழுதுபவர், பின்னணிக் குரல். இவற்றில் பலவற்றைத் தொடக்கத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம்.

உதவி ஆசிரியர் தேர்வில் பெரும்பாலும் நானூறு சொல் கரடுமுரடான செய்தியைக் கொடுத்து, நூற்றைம்பது சொல்லாக்கித் தலைப்பு வைக்கச் சொல்வார்கள். இப்போதிருந்தே நாளுக்கு ஒன்று செய்து பழகுங்கள். பெயர், தேதி, எண் எதுவும் சுருக்கும்போது மாறிவிடக்கூடாது, அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தமிழ்99 விசைப்பலகையைக் கணினியில் கற்றுக்கொள்ளுங்கள். போனில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் பழக்கம் டெஸ்க் வேகத்துக்குத் தாங்காது. சப்டைட்டில் என்றால் திரையில் இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, ஒரு விநாடிக்குக் குறையாமலும் ஏழு விநாடிக்கு மேற்படாமலும் நிற்க வேண்டும்.

அலுவலகம் போகும் வேலை வந்தால் பெற்றோரையே கேட்க வையுங்கள்: இரவு ஷிப்ட் முடிந்தால் வண்டி உண்டா? பெண்களின் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்கிறதா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013ஆம் ஆண்டு சட்டப்படி அந்தக் குழு இருக்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் அலுவலகத்தில் சேராதீர்கள். சென்னையில் தங்க, வேலைக்குப் போகும் பெண்களுக்கான தமிழக அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன.

ட்ரோன் வாங்கிக் கடற்கரையைப் படமெடுக்கலாமா? – உச்சிப்புளி

உங்கள் ஊரில் வேண்டாம். கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் அங்கேயே இருக்கிறது. வேறு எங்கே பறக்கவிட்டாலும் ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் சிவப்பா (தடை), மஞ்சளா (கட்டுப்பாடு), பச்சையா (தடையில்லை) என்று பார்த்தாக வேண்டும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்குள் போகவே வனத்துறை அனுமதி தேவை. முதல் சம்பளத்துக்கு முன்னால் ட்ரோன் செலவு வீண்.

எங்கள் பள்ளியில் மாணவர் செய்திமடல் தொடங்குகிறோம். எப்படி நடத்துவது? – ஆசிரியர், பெரியபட்டினம்

நான்கு பக்கம், மாதம் ஒன்று. எட்டு மாணவர்கள் போதும்: நிருபர்கள் நால்வர், படம் இருவர், திருத்துபவர் ஒருவர், பக்கம் அமைப்பவர் ஒருவர். மாதாமாதம் வேலையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நன்றாகப் பேசும் பிள்ளையே எப்போதும் நிருபராக இருக்கும். தலைமையாசிரியரின் வாழ்த்துரையை முதல் பக்கத்தில் போடாதீர்கள். பாசி எடுக்கப் போகும் அம்மாக்கள், குடிநீர் வரும் நேரம், பள்ளிப் பேருந்து தாமதம் என்று பிள்ளைகள் நேரில் விசாரிக்கக்கூடியதைக் கொடுங்கள். எட்டாம் வகுப்புக் குழந்தையும் குடிநீர்த் தொட்டி எப்போது கழுவப்பட்டது என்று ஊராட்சியில் கேட்டு எழுதிவிடும். பெரியவர் ஒருவர் பெயரில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுவதையும் காட்டுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், வீடு, பள்ளி, உறவினர் பெயர் எதுவும் எங்கும் வரக்கூடாது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. பெயரை விட்டுவிட்டுத் தெருவைச் சொன்னாலும் சிறிய ஊரில் ஆள் தெரிந்துவிடும், அதுவும் குற்றமே.

நான் பட்டியலினக் குடியிருப்பிலிருந்து வருகிறேன். ஊடகத்தில் சேர்ந்தால் சாதிச் செய்திகளுக்கு மட்டும் என்னை அனுப்புவார்களா? எங்கே பயிற்சி பெறலாம்? – முதுகுளத்தூர்

அப்படி ஒதுக்குவது நடக்கிறது, மறைத்துப் பயனில்லை. அதற்கு எதிராக உங்கள் கையில் இருக்க வேண்டியது வேறொரு துறையில் தேர்ச்சி. வறண்ட கண்மாய், மிளகாய்ச் சாகுபடி, உள்ளாட்சிக் கணக்கு என்று எதையாவது ஒன்றை ஆசிரியர் குழுவில் எவரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருங்கள். குண்டு மிளகாய் விலை பற்றி எழுத உங்களைத்தான் கூப்பிட வேண்டும் என்ற நிலை வரட்டும். சாதிக் கொடுமைகளைப் பற்றியும் எழுதுங்கள், அது உங்கள் விருப்பமாக இருக்கட்டும், யாரும் ஒதுக்கிக் கொடுத்ததாக அல்ல.

பயிற்சிக்கு: தமிழக அரசு 2025இல் சென்னை கோட்டூர்புரத்தில் இதழியல் நிறுவனம் தொடங்கியிருக்கிறது. சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரி இருக்கிறது, கட்டணம் அதிகம். உதவித்தொகையைச் சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். பல்கலைக்கழகங்களில் மதுரை காமராசர், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் இரண்டிலும் இதழியல் அல்லது தொடர்பியல் துறை உண்டு. ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசுக் கழகமான தாட்கோவின் திறன் பயிற்சி அறிவிப்புகளையும் பார்த்துவாருங்கள். எங்கே விண்ணப்பித்தாலும் மூன்று படைப்புகளை இணையுங்கள்: ஒரு செய்தி, ஒரு நீண்ட கட்டுரை, ஒன்றரை நிமிடக் காணொளி. மூன்றும் உங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்தவையாக, ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று பேர் பெயரோடும் ஊரோடும் பேசியிருப்பதாக இருக்கட்டும். கோப்புக்கு உங்கள் பெயரையும் தலைப்பையும் வையுங்கள். "புதியது 2 இறுதி" என்று வரும் கோப்புகளைத் தேர்வாளர்கள் திறப்பதற்குள் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்கள்.